எறவாணத்துத் தண்ணீர் எங்கே விழுகிறது?

(வீடு பழுதுபார்ப்பு உதவிக் குழுவின் சார்பில் கம்பத்தில் நடந்த விளக்கக் கூட்டத்தில், குழு உறுப்பினரான ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘ஓட்டு வீடுகளின் பராமரிப்பு’. அதை முழுக்கப் பேசினால் இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கூரையின் கடைசி ஓட்டுக்கும், அதன் கீழே மாட்டுகிற தகர வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிறதே, அந்த இடம். கடையில் இப்போது பிளாஸ்டிக்கில் வருவதை ‘ரெயின் கட்டர்’ என்கிறார்கள். தகரமோ பிளாஸ்டிக்கோ, நான் வாய்க்கால் என்றே சொல்லப்போகிறேன்.

நம் குழுவுக்கு வரும் மனுக்களில் ‘சுவர் ஓதம் அடிக்கிறது’, ‘பூச்சு உதிர்கிறது’ என்றுதான் எழுதியிருக்கும். சிமெண்டு மூட்டை கேட்பார்கள். நேரில் போனால் நான் முதலில் சுவரைப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று தலையை நிமிர்த்தி எறவாணத்தைப் பார்ப்பேன். பாதி வீடுகளில் வாய்க்காலே இருக்காது. மீதி வீடுகளில் இருக்கும், ஆனால் தப்பான இடத்தில் இருக்கும். இந்த இரண்டாவது வகைதான் என்னைப் பயமுறுத்துகிறது. வாய்க்கால் இல்லாத வீட்டில் தண்ணீர் வாசலில் விழுவது கண்ணுக்குத் தெரியும். தரையில் குழி விழும், சுவரின் அடியில் சேறு தெறிக்கும், யாராவது ஒரு கல்லையாவது போடுவார்கள். தப்பாக மாட்டிய வாய்க்காலில் தண்ணீர் பின்பக்கமாகத் திரும்பிப் பலகைக்குள் போகும். அங்கிருந்து கைமரத்தின் நுனிக்கு, அங்கிருந்து சுவரின் தலைக்கு. வெளியே ஒன்றும் தெரியாது. ‘வாய்க்கால்தான் போட்டாச்சே’ என்று வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர்ப் பழைய தெருக்களில் அத்தா, பெரியத்தா காலத்தில் கட்டிய வீடுகள் பல மண் சாந்து வைத்துக் கட்டியவை. வெளியே சுண்ணாம்பு, அப்புறம் சிமெண்டு பூசியிருப்பார்கள். உள்ளே செம்மண். இந்தச் சுவர் எவ்வளவு வெயிலையும் தாங்கும். தலையில் தண்ணீர் இறங்கினால் மட்டும் தாங்காது. மேலே சிமெண்டுப் பூச்சு இருப்பதால் உள்ளே போன ஈரம் வெளியே காய்வதற்கும் வழியில்லை. சுவர் உப்பும், பிறகு ஒரு ராத்திரி சாயும். மழையில் ஊறிய சுவர் என்ன செய்யும் என்பதை நாடே பார்த்தது: 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு மதில் சுவர் சரிந்து பக்கத்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது, தூக்கத்திலேயே 17 பேர் போய்விட்டார்கள். அது எறவாணத் தண்ணீரால் வந்ததல்ல, வேறு விவகாரம். ஆனால் ஈரச் சுவருக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்திருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நம் மனுதாரர்களில் அது பெரும்பாலும் தனியாக இருக்கும் ஒரு நன்னிமாதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு டம்ளரில் டீயை எடுத்து மெதுவாகச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள். டீ நேராகக் கீழே விழாது. விளிம்பைச் சுற்றிக்கொண்டு டம்ளரின் அடிப்பக்கமாக ஒழுகி உங்கள் கையை நனைக்கும். அதையே வேகமாக ஊற்றினால் விளிம்பிலிருந்து தள்ளிப் போய் விழும். ஓட்டின் நுனியிலும் இதுவேதான் நடக்கிறது. தூறல் மழையில் தண்ணீர் நுனியைச் சுற்றி, ஓட்டின் அடிப்பக்கமாகச் சுவரை நோக்கித் திரும்பி வரும். அடைமழையில் நுனியைத் தாண்டி வெளியே பாயும்.

நம் பள்ளத்தாக்குக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக மிச்சம் மீதி சாரலாக நமக்கு வருகிறது. கூடலூர், கம்பம் பக்கம் அது அதிகம். அளவு குறைவு, காற்று பலம். காற்றாலை நிறுத்தும் அளவுக்குக் காற்று அடிக்கிற ஊர் இது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை, அது கொட்டும். சாரலுக்குத் தோதாக மாட்டிய வாய்க்கால் ஐப்பசி மழையை விட்டுவிடும். ஐப்பசிக்கு என்று தள்ளி மாட்டியது ஆடிச் சாரலைச் சுவருக்குக் கொடுத்துவிடும். இரண்டையும் பிடிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. அதைக் கொத்தனாரிடமும் தகர வேலைக்காரரிடமும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

கைமர நுனிகளில் நீளவாக்கில் ஒரு பலகை அடித்திருப்பார்கள். வாய்க்காலின் பின் விளிம்பு அந்தப் பலகையை ஒட்டி, ஓட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். ஓட்டின் நுனி பலகையைத் தாண்டி 2 அங்குலம் வெளியே வர வேண்டும். ஆனால் வாய்க்காலின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. 4 அங்குல வாய்க்கால் என்றால் 2 அங்குலம், அதுதான் நடு. அதற்குக் குறைந்தால் சாரல் தண்ணீர் திரும்பிப் பலகையில் ஏறும். கூடினால் அடைமழை வாய்க்காலைத் தாண்டிக் குதித்துவிடும். ‘ஓடு நல்லா வெளியே நீட்டியிருக்கு, அதனால சுவர் நனையாது’ என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். வாய்க்கால் இல்லாத வீட்டுக்கு அது சரி. வாய்க்கால் மாட்டினால் கணக்கு மாறிவிடுகிறது.

அடுத்து, வாய்க்காலின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட ஒரு விரல் கனம் தாழ்வாக இருக்க வேண்டும். இதை நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்பக்கத்தைத் தூக்கி வைத்தால் தண்ணீர் அதிகம் பிடிக்கும் என்று நினைப்பு. வேப்பிலையோ புளிய இலையோ அடைத்து வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம்தான் வழியும். முன்பக்கம் தாழ்வாக இருந்தால் வாசலில் கொட்டும். பின்பக்கம் தாழ்வாக இருந்தால் சுவருக்குள் கொட்டும். வாசலில் கொட்டினால் அடைத்துவிட்டது என்று நமக்கும் தெரிந்துவிடும்.

மூன்றாவது உயரம். ஓட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மேட்டு முனையில் ஒரு விரல் போதும். 3, 4 அங்குலம் கீழே தொங்கவிட்டால், விழுகிற தண்ணீரை ஆடிக் காற்று நடுவழியில் தூக்கிச் சுவரில் அடிக்கும். மேற்குப் பார்த்த எறவாணத்தில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இங்கேதான் வாட்டம் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஓட வாட்டம் தேவை. 10 அடிக்கு அரை அங்குலம் இருந்தால் போதும். சிலர் 20 அடிக்குள் 3 அங்குலம் இறக்கிவிடுகிறார்கள், ‘சர்ருனு ஓடும் பாய்’ என்று. ஓடும், ஆனால் தாழ்வு முனையில் ஓட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு கை நுழையும். அந்த முனையில்தான் சுவர் கெட்டுப்போகும். வாட்டம் கூடினால் இடைவெளி கூடும், இரண்டையும் பிரிக்க முடியாது. தாழ்வு முனையிலும் இடைவெளி 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 40 அடி நீளமுள்ள வரிசை வீடு என்றால் நடுவில் மேடாக வைத்து இரண்டு பக்கமும் இறக்கி, இரண்டு முனையிலும் பைப் விடுங்கள். அப்போது ஒவ்வொரு பக்கமும் 1 அங்குலத்தோடு முடிந்துவிடும். வாட்டத்தைக் கண் பார்வையில் பிடிக்காதீர்கள். கூரையே கோணலாக இருக்கும் வீட்டில் கண் ஏமாற்றும். ஒரு டியூப் லெவல், ஒரு நூல், அவ்வளவுதான்.

ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் சீமை ஓடு என்பது மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பல ஊர்களில் பல கம்பெனிகள் அதே மாதிரி ஓடு போட்டன. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பெயர் இருக்கும். பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவில் சிறு வித்தியாசம் உண்டு. உடைந்த ஓட்டுக்குப் பதில் வேறு கம்பெனி ஓட்டைச் சொருகினால் பள்ளமும் மேடும் சரியாகப் பொருந்தாது, நுனியும் ஒரே கோட்டில் வராது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஓடு வாங்கும்போது உங்கள் வீட்டு ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, கடைசி வரிசை ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் மற்ற ரீப்பர்களைவிட ஓட்டுக் கனம் அளவுக்குத் தடியாக இருக்க வேண்டும். மற்ற வரிசைகள் கீழ் வரிசை ஓட்டின் மேல் உட்காருகின்றன. கடைசி வரிசைக்குக் கீழே ஓடு இல்லை. தடி ரீப்பர் இல்லாவிட்டால் அது தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். தொங்கிய நுனியில் தண்ணீர் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைச் சரி செய்யாமல் வாய்க்கால் மாட்டுவது வீண் செலவு. நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் நுனிகள் எப்போதும் ஏறி இறங்கித்தான் இருக்கும். அங்கே 6 அங்குல அகல வாய்க்கால்தான் ஒத்துவரும்.

ஓட்டை வெளியே இழுக்கவே முடியாத வீடுகள் இருக்கின்றன. ரீப்பர் இற்றுப்போயிருக்கும், தொட்டால் மொத்தமும் பிரிக்க வேண்டிவரும். அதற்கும் வழி உண்டு. ஒரு சாண் அகலத்துக்குத் தகரப் பட்டையை வெட்டி, மேல் பக்கத்தைக் கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் சொருகி, கீழ்ப் பக்கத்தை மடித்து வாய்க்காலுக்குள் இறக்கிவிட வேண்டும். திரும்பி வருகிற சாரல் தண்ணீர் பலகையில் ஏறாமல் தகரத்தில் வழுக்கி வாய்க்காலுக்குள் போய்விடும். என்னைக் கேட்டால், மேற்குப் பார்த்த எறவாணம் எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டையைப் போட்டுவிடலாம். முழு வேலையில் மிக மலிவான பகுதி இதுதான், கொத்தனார்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

எவ்வளவு தண்ணீருக்காக இவ்வளவு பேச்சு என்று தம்பிகள் நினைக்கலாம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர அடி பரப்பை மூடும் ஒரு பக்கக் கூரை ஏறக்குறைய 18.5 சதுர மீட்டர். ஓர் இரவில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 740 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 50 குடம். தெருக்குழாயில் வரிசையில் நிற்கிற சகோதரிகளுக்கு 50 குடம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாடி வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் அது என்று ஓட்டு வீட்டுக்காரர்கள் இருந்துவிட்டார்கள். வாய்க்கால் சரியாக இருந்தால் ஓட்டு வீட்டிலும் பைப்பைத் தொட்டியில் விடலாம். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடித்தால் துணி துவைக்க, பாத்திரம் கழுவத் தாராளமாக ஆகும். தொட்டி வைக்காதவர்கள் பைப்பின் வாயைச் சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி விடுங்கள். மேலே அத்தனை பாடுபட்டுப் பிடித்த தண்ணீரை அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டுகிற பைப்புகளை நான் தெருத்தெருவாகப் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டு விவகாரம். ஜமாஅத்துக்கு வருகிற சுவர்த் தகராறுகளில் எறவாணத் தண்ணீருக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. ‘அவங்க கூரைத் தண்ணி எங்க முற்றத்தில விழுது.’ சட்டப்படி பார்த்தால், 1882-ம் வருட ஈஸ்மெண்ட் சட்டத்தில், 20 வருடம் தடையில்லாமல் வெளிப்படையாக அனுபவித்த வசதி உரிமையாகிவிடும் என்று இருக்கிறது. அதனால்தான் பழைய வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார், புது வீட்டுக்காரர் விடமாட்டார். சட்டம் வரைக்கும் போகாமல் வாய்க்கால் ஒன்றைச் சரியாக மாட்டினால் முடிகிற வழக்குகள் இவை.

வாய்க்காலுக்கு அரபியில் மீஸாப். கஃபாவின் கூரையிலும் மீஸாப் இருக்கிறது, மழைத் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி ஹிஜ்ர் பகுதியில் விழச் செய்கிறது. ஹஜ், உம்ரா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மதீனாவில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டு மீஸாபைப் பற்றி ஓர் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் வருகிறது. ஜும்ஆவுக்குப் போகும் வழியில் அந்த மீஸாபிலிருந்து ரத்தம் கலந்த தண்ணீர் உமர் (ரலி) அவர்களின் மேல் விழுந்தது. கலீஃபா அதை எடுத்துவிடச் சொன்னார்கள். பிறகு, அந்த இடத்தில் அதை வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என்று அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னதும், உமர் (ரலி) அவர்கள் தம் முதுகின் மேல் அவர்களை ஏறி நிற்கச் சொல்லி, பழைய இடத்திலேயே திரும்ப வைக்கச் செய்தார்கள். ஆலிம்கள் இதிலிருந்து பல சட்டங்களைப் பேசுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. எனக்கு இதில் பிடித்தது, நாட்டை ஆள்பவருக்கும் ஒரு வீட்டுக்காரருக்கும் நடுவே வந்த பேச்சு, வாய்க்கால் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. சந்தில் குறுகலான வீடு வைத்திருப்பவர்கள் வாய்க்கால் மாட்டும் முன் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டிவிடுங்கள். பைப் எந்தப் பக்கம் இறங்கும், தண்ணீர் எங்கே போகும் என்று அவர் முன்னால் முடிவாகட்டும்.

இரண்டு வீட்டுக் கூரைகள் நடுவில் ஒரே பள்ளத்தில் சந்திக்கும் இடங்கள் கம்பத்தில் நிறைய உண்டு. அந்தப் பள்ள வாய்க்கால்தான் இருப்பதிலேயே கஷ்டமானது. இரண்டு கூரைத் தண்ணீரும் அதில் வரும், நிரம்பினால் வழிவதற்கு வெளிப்பக்கமே கிடையாது, இரண்டு சுவரும் சேர்ந்து நனையும். அதைப் பாதிப் பாதியாகச் செய்ய முடியாது. இரு வீட்டாரும் சேர்ந்து மனுக் கொடுத்தால்தான் குழு எடுத்துக்கொள்ளும் என்று வைத்திருக்கிறோம். இதில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மின்சாரம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் எறவாணத்தை உரசிக்கொண்டுதான் வருகிறது. காற்றில் ஆடி ஆடி வயரின் உறை தேய்ந்திருக்கும். அதன் பக்கத்தில் 20 அடி நீளத் தகரத்தை மாட்டினால் தகரம் முழுக்க ஷாக் அடிக்கும், மழையில் பைப்பைத் தொட்ட குழந்தையும் தப்பாது. வயர் தள்ளி இழுக்கப்படும்வரை தகரம் மேலே ஏறக் கூடாது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அவர்கள் ஆளை வைத்தே அதைச் செய்யுங்கள். வயரை நகர்த்த முடியாத இடத்தில் பிளாஸ்டிக் வாய்க்கால் போடுங்கள். மாட்டும் நாளில் மின்சாரத்தை நிறுத்தித்தான் வேலை பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் நீளும், அதனால் இணைப்புகளில் கொஞ்சம் இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள்.

வாய்க்காலைத் தாங்கும் கிளாம்புகள் 3 அடிக்கு ஒன்று, மேற்குப் பக்கம் 2 அடிக்கு ஒன்று. கைமரத்தில் அறைய வேண்டும். ஓட்டிலோ ரீப்பரிலோ கம்பி கட்டித் தொங்கவிட்ட வாய்க்கால் ஓர் ஆடிக்குக்கூட நிற்காது. நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும்.

வேலை முடிந்து கூலி கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. வாய்க்காலுக்குக் கீழே சுவரில் பழைய பேப்பரை நீளமாக ஒட்டுங்கள். ஏணி மேலிருந்து ஒரு குடம் தண்ணீரை ஓட்டின் மேல் மெதுவாக, நூல் பிடித்த மாதிரி ஊற்றச் சொல்லுங்கள். அது ஆடிச் சாரல். பேப்பர் நனைந்தால் ஓடு போதுமான அளவு வெளியே வரவில்லை என்று அர்த்தம். அடுத்து ஒரு குடத்தை ஒரே வீச்சில் கவிழ்க்கச் சொல்லுங்கள். அது ஐப்பசி. தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி வாசலில் விழுந்தால் ஓடு அதிகம் நீட்டியிருக்கிறது. கடைசியாகப் பைப்பின் வாயைத் துணியால் அடைத்து, வாய்க்கால் நிரம்பி வழியும்வரை ஊற்றிப் பாருங்கள். முன்பக்கம் வழிய வேண்டும். மூன்று சோதனைக்கும் கால் மணி நேரம் போதும். நம் குழு கொடுப்பது மக்களிடம் வாங்கிய அமானிதப் பணம். ஆகவே இனிமேல் இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் கடைசித் தவணை கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். வீட்டில் ஆண்கள் இல்லாத சகோதரிகள் கவலைப்பட வேண்டாம். எங்களில் இருவர் வந்து நின்று பார்த்துக்கொள்வோம்.

ஆடிக் காற்று அடங்கி, ஐப்பசி மழை பிடிப்பதற்கு நடுவே ஆவணியும் புரட்டாசியும்தான் நமக்குக் கிடைக்கும் காலம். அதற்குள் மனுக்கள் வந்துவிட வேண்டும். மனுவில் எறவாணத்தின் நீளம், அது எந்தத் திசை பார்த்தது, சர்வீஸ் வயர் எந்தப் பக்கம் வருகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். வயதானவர்கள் தயவுசெய்து அளப்பதற்காக ஏணியில் ஏறாதீர்கள். கீழே சுவரோடு சுவராக நூலைப் பிடித்து அளந்தால் போதும். நாங்கள் பார்வையிட வரும்போது ஒரு ஏணியும் இரண்டு குடம் தண்ணீரும் தயாராக இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.